பட்டியல் போடுகிறவர் யார்?

மே மாதத்துச் சனிக்கிழமை, இரவு பதினொரு மணி. ரீயூனியன் தீவின் சேன்-ஆந்த்ரேயில் எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு விளக்கு எரிகிற வீடுகள் இரண்டோ மூன்றோதான். அதில் ஒன்று பக்கத்து வீட்டுத் தாந்தினுடையது. தாந்தின் என்றால் இங்கே அத்தை. ஆனால் அவரை அத்தை என்று தமிழில் கூப்பிட முடியாது, கூப்பிட்டால் புரியாது. காரைக்கால் பக்கமிருந்து கரும்பு வெட்ட வந்த அவருடைய பாட்டனார்களோடு அந்தச் சொல்லும் போய்ச் சேர்ந்துவிட்டது. சமூசா ஒரு தட்டு, போன்போன் பிமான் ஒரு தட்டு (நம் மசால்வடைக்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்), எதிரே தொலைக்காட்சி. ஐரோப்பாவில் ஒன்பது மணிக்குத் தொடங்குகிற யூரோவிஷன் என்ற வருடாந்தரப் பாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்று ரீயூனியனில் பதினொன்றுக்கு வருகிறது. முடிய விடிகாலை மூன்று ஆகிவிடும்.

பிரான்ஸின் பாட்டு வந்து போனதும் தாந்தின் ஒருமுறை என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதை யார் அனுப்பினது? என்னை யாரும் கேக்கலையே!"

நான் காரைக்காலில் பிறந்து, படித்து, வேலைக்காக இங்கே வந்து தங்கிவிட்டவன். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் இந்தத் தெருவில் எதற்கும் பதில் தெரிந்தவன் என்று ஒரு பெயர் உண்டு. அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்ததில் விஷயம் பாட்டைவிட சுவாரசியமாக இருந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யூரோவிஷனில் நாடுகள் போட்டியிடுவதில்லை, தொலைக்காட்சி நிலையங்கள்தான் போட்டியிடுகின்றன. 1956 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு தொடங்கியது இது. நடத்துவது ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம், அதன் உறுப்பினர்கள் நிலையங்கள். திரையில் கொடி பறக்கலாம், ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவது ஒரு நிலையத்தின் அலுவலகம். அரசாங்கம் பாட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. இந்தியாவிலிருந்து ஆஸ்கருக்கு எந்தப் படம் போவது என்பதை ஒரு கூட்டமைப்பின் குழு உட்கார்ந்து முடிவு செய்து, மறுநாள் எல்லோரும் "இந்தியா இதை அனுப்பியது" என்று பேசுகிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதே கதைதான். பிரான்ஸுக்கு அந்த நிலையம் பிரான்ஸ் தெலெவிசியோன். எங்கள் வீடுகளில் ஓடுகிற ரீயூனியன் லா பிரமியேரும் அதே நிறுவனத்தின் ஒரு கிளை. அதாவது தாந்தினைக் கேட்காமல் பாட்டை அனுப்பியவர்கள் அவர் தினமும் வானிலை பார்க்கிற சேனலின் முதலாளிகளேதான்.

பாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒன்றியத்தில் விதியே கிடையாது. மற்றதற்கெல்லாம் உண்டு: பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது, பாடுகிறவருக்குப் பதினாறு வயதாவது ஆகியிருக்க வேண்டும், முந்தைய ஆண்டு செப்டம்பர் 1க்கு முன்னால் பாட்டு வெளிவந்திருக்கக் கூடாது, மார்ச் நடுவில் எல்லாம் ஒப்படைத்தாக வேண்டும். ஆனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தாலும் சரி, மேலாளர் தன் மருமகனை அனுப்பினாலும் சரி, அது நிலையத்தின் பாடு. பாடுகிறவர் அந்த நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 1988இல் சுவிட்சர்லாந்துக்காகப் பாடி ஒரே ஒரு புள்ளியில் வென்ற செலின் தியோன் கனடாக்காரர். பிரான்ஸே 2001இல் நத்தாஷா சேன்-பியேரையும் 2023இல் லா சராவையும் அனுப்பியது, இருவரும் கனடா. அத்தனை தூரத்திலிருந்து ஆள் கிடைக்கிறது. இந்தச் செய்தியைத் தாந்தினிடம் சொன்னபோது அவர் சமூசாவைக் கீழே வைத்துவிட்டார்.

வழிகள் பொதுவாக இரண்டு. ஒன்று, அறைக்குள் நாலைந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்வது. இன்னொன்று, உள்நாட்டிலேயே ஒரு போட்டி வைத்து நடுவர்களும் மக்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பது. இரண்டுக்கும் நடுவே நூறு கலப்புகள்.

போட்டி வைப்பதில் ஸ்வீடனை அடித்துக்கொள்ள ஆளில்லை. மெலோடிஃபெஸ்டிவாலன் என்ற அவர்களுடைய தேர்வுப் போட்டி குளிர்காலத்தில் வாரம் ஒரு ஊராக ஆறு வாரம் நடக்கிறது. நம் ஊர்த் தேர்த்திருவிழா மாதிரி, நாடே அதைப் பற்றித்தான் பேசும். செயலி வழியாக வரும் ஓட்டை வயதுவாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள். குழந்தைகள் ஒரு கூட்டம், எழுபத்தைந்து தாண்டியவர்கள் ஒரு கூட்டம், இப்படி ஒவ்வொன்றுக்கும் தனிப் புள்ளி. இளைஞர்கள் மட்டும் மொய்த்துக்கொண்டு ஒருவரைத் தூக்கிவிட முடியாது. இறுதியில் பாதி மதிப்பு வெளிநாட்டு நடுவர்களுக்கு, ஏனென்றால் மே மாதத்தில் ஓட்டுப் போடப் போவது வெளிநாட்டார்தானே. யோசித்துக் கட்டிய ஏற்பாடு. ஆனால் இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு கட்டம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் இரண்டாயிரத்துக்கும் மேல் பாட்டுகள் வந்து குவிகின்றன. 2024இல் மேடை ஏறியவை 30. மற்ற எல்லாவற்றையும் வடிகட்டியது யார்? நிலையமும் அது அமர்த்திய குழுவும். மக்கள் ஓட்டுப் போட்டது அந்த முப்பதுக்குள்தான்.

இத்தாலியில் கதை வேறு. அங்கே சான்ரெமோ விழா 1951இலிருந்தே நடக்கிறது, யூரோவிஷன் பிறந்ததே அதைப் பார்த்துத்தான். சான்ரெமோவில் வெல்வதுதான் அவர்களுக்குக் கௌரவம். யூரோவிஷன் அதற்கு மேல் கிடைக்கிற இனாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். 2025இல் வென்ற ஓல்லி அப்படித்தான் சொன்னார், கச்சேரிப் பயணம் இருக்கிறது என்று. இரண்டாவதாக வந்த லூச்சோ கோர்சி, அந்த ஆண்டு யூரோவிஷன் நடந்த பாசலுக்குப் போய் ஐந்தாம் இடம் பிடித்தார். ஜெர்மனியில் 2015இல் நடந்தது இதைவிட வேடிக்கை. வென்ற ஆந்திரெயாஸ் குமெர்ட் நேரலையிலேயே "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் வாய்ப்பைக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் வியன்னாவுக்குப் போய் வாங்கியது பூஜ்யம். உக்ரைனில் 2022இல் தேர்வுப் போட்டியில் வென்றவர் சர்ச்சையில் விலகிக்கொள்ள, இரண்டாம் இடத்துக் கலுஷ் குழு போய் 631 புள்ளியோடு கோப்பையைத் தூக்கி வந்தது.

ஸ்பெயினில் அதே 2022இல் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெனிதோர்ம் என்ற அவர்களுடைய தேர்வு விழாவில் தான்ஷுகெய்ராஸ் என்ற மூன்று பெண்கள், ஸ்பெயினின் ஒரு மூலையில் பேசும் கலீசிய மொழியில், கையில் தப்பட்டை மாதிரி ஒன்றைத் தட்டிக்கொண்டு பாடினார்கள். மக்கள் தொலைபேசி ஓட்டை அவர்கள் மேல் கொட்டினார்கள். நடுவர்கள் கைகொடுக்கவில்லை. சனேல் வென்றார். சண்டை நாடாளுமன்றம் வரை போனது. பிறகு சனேல் யூரோவிஷனில் மூன்றாம் இடம் வாங்கி வர, திட்டியவர்களே விமான நிலையத்துக்கு மாலையோடு போனதுபோல் ஆயிற்று. நடுவர்கள் சரிதான் என்று நிரூபணம் ஆகிவிட்டதா? அந்த மூன்று பெண்கள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேர்வு என்றாலே இதுதான் தொல்லை, தோற்ற பாட்டுக்குச் சாட்சி கிடையாது.

சரி, பிரான்ஸுக்கு வருவோம்.

பிரான்ஸ் ஐந்து முறை வென்ற நாடு: 1958, 1960, 1962, 1969, 1977. 1969இல் நான்கு நாடுகள் சமமாக நின்று நால்வருமே வென்றதாக அறிவிக்கப்பட்ட கூத்தும் அதில் சேர்த்தி. கடைசியாக 1977இல் மரி மிரியம். அதற்குப் பிறகு கோப்பை பிரான்ஸ் பக்கம் திரும்பவில்லை. 1982இல் அப்போது பொறுப்பில் இருந்த தேஎஃப்-1 நிலையம், பாட்டுகளும் தரமில்லை பாடகர்களும் தரமில்லை என்று சொல்லி ஆளையே அனுப்பவில்லை. மறு ஆண்டு ஆந்தென்-2 நிலையம் பொறுப்பை வாங்கிக்கொண்டது. ஒரு நிலையத்தின் சலிப்பு ஒரு நாட்டை மேடையிலிருந்து இறக்கியது, இன்னொன்றின் ஆர்வம் ஏற்றியது. மக்களுக்கு இதில் பங்கு, புலம்பியது மட்டும்தான்.

அன்றிலிருந்து பிரான்ஸ் இரண்டு வழிக்கும் நடுவே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கிறது. சில ஆண்டு போட்டி வைப்பார்கள், மோசமாகப் போனால் மூடிவிட்டு அறைக்குள் போவார்கள், அதுவும் மோசமானால் மறுபடி போட்டி. 2014இல் மக்களைக் கேட்டார்கள். மூன்று பாட்டுகளிலிருந்து தேர்வான பாட்டு இரண்டே புள்ளியோடு கடைசி இடம். 2015இல் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். நான்கு புள்ளி. 2018இலும் 2019இலும் பெரிய போட்டி வைத்தார்கள். 2019இல் வெளிநாட்டு நடுவர்களுக்குப் பிடித்தவர் சேமோன், மக்களுக்குப் பிடித்தவர் பிலால் அசானி, மக்கள் வென்றார்கள். 2021இல் "முடிவு உங்கள் கையில்" என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு நிகழ்ச்சி, பார்பரா பிராவி தேர்வானார், யூரோவிஷனில் 499 புள்ளியோடு இரண்டாம் இடம். பல ஆண்டுகளுக்குப் பிறகு பிரான்ஸ் நெஞ்சை நிமிர்த்திய இரவு அது. சரியான வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தோம். அடுத்த ஆண்டு அதே வழியில் வந்த பாட்டு இருபத்து நான்காம் இடம். உடனே கதவைச் சாத்திவிட்டு மறுபடி அறைக்குள். 2024இல் சிலிமான் நான்காம் இடம், 2025இல் லுவான் ஏழாம் இடம், இருவரும் அறைக்குள் தேர்வானவர்கள்.

அறைக்குப் போவதற்கு அவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே பெயர் வாங்கிய பாடகர் எவரும் புதுமுகங்களோடு வரிசையில் நின்று தோற்கத் தயாராக இருக்கமாட்டார். 2009இல் பத்ரிசியா காஸ் வந்ததும், இப்போது சிலிமான், லுவான் வந்ததும் "நீங்கள்தான், போட்டி இல்லை" என்று சொல்லி அழைத்ததால்தான். லுவானின் பாட்டை 2025 மார்ச்சில் பிரான்ஸ்–ஸ்காட்லாந்து ரக்பி ஆட்டத்தின் இடைவேளையில், மைதானத்தின் நடுவில் பாடவைத்து அறிமுகம் செய்தார்கள். தேர்வு நிகழ்ச்சி வைத்துச் செய்கிற விளம்பரத்தை ஒரே மாலையில் முடித்தாயிற்று. அதோடு பிரான்ஸ் போட்டியின் 'பெரிய நாடுகள்' எனப்படுபவற்றில் ஒன்று. பணம் அதிகம் கொடுப்பதால் 2000இலிருந்து எந்த வடிகட்டலும் இல்லாமல் நேராக இறுதிச்சுற்றுக்குப் போகிற சலுகை உண்டு. எப்படிப்பட்ட பாட்டை அனுப்பினாலும் சனிக்கிழமை மேடை உறுதி. இந்தச் சலுகை பல ஆண்டுகள் பிரான்ஸைச் சோம்பேறியாக்கியது என்பது என் எண்ணம்.

இனி எங்களுக்கு வலிக்கிற இடம். ரீயூனியன் பிரான்ஸின் ஒரு மாவட்டம், பாரிஸிலிருந்து ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கடல்கடந்த பிரான்ஸிலிருந்து யாரும் போனதே இல்லையா என்றால், போயிருக்கிறார்கள். 1990இல் குவாதலூப்பின் ஜோயெல் உர்சுல், செர்ஜ் கேன்ஸ்பூர் எழுதிய வரிகளைப் பாடி 132 புள்ளியோடு இரண்டாம் இடம். 1991இல், கடல்கடந்த பிரான்ஸ் இல்லாவிட்டாலும் கடலுக்கு அப்பால் துனீசியாவில் பிறந்த அமினா, 146 புள்ளியில் ஸ்வீடனோடு சமமாக நின்றார். பன்னிரண்டுகளை எண்ணினார்கள், அதுவும் சமம். பத்துகளை எண்ணினார்கள், கோப்பை ஸ்வீடனுக்குப் போனது. 1992இல் மார்த்தினிக்கின் காலி, பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவுப் பேச்சான கிரியோலையும் பிரெஞ்சையும் கலந்து பாடி எட்டாம் இடம். 1996இல் பிரான்ஸின் மேற்கு ஓரத்தில் பேசும் பிரெத்தோன் மொழி, 2011இல் கோர்சிகா மொழி. இவை அத்தனையும் அறைக்குள் எடுத்த முடிவுகள். நிலையத்தில் யாரோ ஒருவருக்கு ஒரு துணிச்சல் வந்தது, அந்த ஆண்டு ஒரு தீவின் குரல் போனது. அந்த ஆள் மாறினார், குரலும் நின்றது.

அப்படியென்றால் சிறுபான்மை மொழிக்கு அறைதான் நல்லதா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2022 வரை. அந்த இருபத்து நான்காம் இடத்துப் பாட்டு முழுக்க பிரெத்தோன் மொழியில் இருந்தது, அல்வானும் அஹேஸ் குழுவும் பாடியது. அதைத் தேர்ந்தெடுத்தது போட்டி மேடை. அங்கே அது வெல்ல முடிந்ததற்குக் காரணம், பட்டியல் போட்டவர்கள் அதை அந்த மேடையில் ஏற்றியிருந்தார்கள். இல்லாத பாட்டுக்கு யார் ஓட்டுப் போட முடியும்? அறையா போட்டியா என்று நாம் அடித்துக்கொள்கிறோம். போட்டிக்கும் முன்னால் ஒரு அறை இருக்கிறது, அங்கே பட்டியல் தயாராகிவிடுகிறது. ரீயூனியன் கிரியோலில் பிரான்ஸ் இதுவரை ஒரு பாட்டும் அனுப்பியதில்லை. இன்னொன்றும் உண்டு. அந்தத் தேர்வுப் போட்டிகள் நடந்தது பாரிஸின் குளிர்காலத்தில், இரவு ஒன்பதுக்கு. இங்கே அப்போது மணி பன்னிரண்டு. தைப்பூசக் காவடிக்கு 'காரேம்' என்கிற விரதம் இருந்து, விடிகாலை கோயிலுக்குப் போகிற வீடுகளில் நள்ளிரவுக்கு மேல் யார் விழித்திருந்து பாட்டுக் கேட்பது?

பட்டியல் என்பதன் பலத்தை நான் எங்கோ படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி மேடைக்கு யாரை ஏற்றுவது என்று முடிவு செய்யும் மூவரில் நானும் ஒருவன். பதினான்கு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஐந்தாகக் குறைத்தோம். பிறகு பொதுக்கூட்டத்தில் கை தூக்கச் சொல்லி மூன்றாக்கினார்கள். "சபை தேர்ந்தெடுத்தது" என்று அறிவித்தபோது நானும் கைதட்டினேன்.

நாங்கள் அடித்த ஒன்பதில் ஒரு பெரியவர் இருந்தார். 'பால் தமூல்' என்கிற தமிழ்க் கூத்து ஆடுகிற பழைய தலைமுறை ஆள். நாடகம் என்ற சொல் இங்கே 'நார்ல்கோன்' என்று மருவிக் கிடக்கிறது, இரவு முழுக்க ஆடிப் பாடும் கூத்து அது. அவர் கையில் ஒரு கோடு போட்ட நோட்டு, ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளே பாஞ்சாலி கதை, தமிழ்ப் பாட்டு, பிரெஞ்சு எழுத்தில். அவர் அப்பா சொல்லச் சொல்ல எழுதியதாம். பாதிச் சொற்களுக்கு அவருக்குப் பொருள் தெரியாது, ஆனால் ராகம் ஓர் இடத்திலும் பிசகவில்லை. பதினொரு நிமிடம் பாடினார். மேடையில் ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான் என்று பென்சிலால் அவர் பெயரை அடித்தவன் நான். திரைப்பாட்டுக்கு ஆடுகிற பிள்ளைகள் குழு உள்ளே போனது. கூட்டத்தில் யாரும் பெரியவரைப் பற்றிக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள், அவர் பெயர்தான் தாளிலேயே இல்லையே.

அதனால் பாரிஸில் இருக்கிற யாரோ நான்கு பேரை என்னால் ரொம்பவும் திட்ட முடிவதில்லை. அவர்கள் கையிலும் ஒரு கடிகாரம் இருக்கிறது. மூன்று நிமிடம் என்ற விதி பார்க்கச் சின்னது, ஆனால் எந்த வகை இசை உள்ளே வரலாம் என்பதை அதுவே பாதி முடிவு செய்துவிடுகிறது. எங்கள் தீவின் மலோயாவை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமைகள் கரும்புத் தோட்டத்தில் வளர்த்த இசை, பிறகு கூலிகளாக வந்த நம்மவர்களின் தப்பும் அதன் பக்கத்திலேயே ஒலித்தது. 1981 வரை அரசாங்கம் முறைத்துப் பார்த்த இசை, 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. முன்னோர்களுக்குப் படையல் வைக்கிற இரவுகளில் விடியும்வரை போகும். ஒருவர் எடுத்துக்கொடுக்க, கூட்டம் திருப்பிச் சொல்ல, மெல்ல மெல்லச் சூடேறும். யூரோவிஷன் மேடையில் ஆறு பேர்தான். வாத்தியங்களை நேரடியாக வாசிக்கவும் முடியாது. 1998தான் வாத்தியக் குழு இருந்த கடைசி ஆண்டு, அதற்குப் பிறகு இசை எல்லாம் பதிவு செய்தது, மேடையில் வாசிப்பதுபோல் பாவனை. முதன்மைக் குரல் மட்டும் நேரடி. பின்குரல்களைப் பதிவு செய்து ஓட்டவும் 2021இலிருந்து அனுமதி. மொழிக்குத் தடை இல்லை, 1999இலிருந்து எந்த மொழியிலும் பாடலாம். ஆக கிரியோலிலோ தமிழிலோ பாடினால் யாரும் தடுக்கப்போவதில்லை. ரூலேர் மேளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து அடிப்பதுபோல் நடிக்கச் சொன்னால்தான் எங்கள் ஆட்கள் எழுந்து வந்துவிடுவார்கள்.

தாந்தினின் பேரனுக்கு இதைச் சொன்னேன். பதினேழு வயது, கயாம்ப் நன்றாக ஆட்டுவான். கரும்புப் பூத்தண்டுகளை வரிசையாகக் கட்டி உள்ளே விதை போட்ட பெட்டி அது, இரண்டு கையாலும் பிடித்து ஆட்ட வேண்டும். "மூணு நிமிஷம்தானே, அடக்கிக் காட்டறேன்" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, மாமரத்தடியில் நான்கு நண்பர்களைக் கூட்டி வந்தான். நான் செல்பேசியில் நேரம் வைத்தேன். பாடுகிற பையன் கண்ணை மூடிக்கொண்டு, மேளம் இல்லாமல், வெறும் குரலில் முன்னோர்களை அழைக்கத் தொடங்கினான். மடகாஸ்கரிலிருந்து வந்தவர்களை அழைத்தான், மொசாம்பிக்கிலிருந்து வந்தவர்களை அழைத்தான், கப்பலில் செத்தவர்களை அழைத்தான். தாந்தின் சமையலறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றார். பேரன் கயாம்பை மார்போடு பிடித்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தான்.

செல்பேசி மணி அடித்தபோது கயாம்ப் இன்னும் தொடங்கியிருக்கவில்லை.